வெக்கை நாடெண்டு சொல்லி தேமோஸ்ரற்றைக் கழட்டாதேங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கட பேப்பரில வாகனக்காரருக்கு எண்டு ஒரு சின்னப் பெட்டிக்குறிப்பு வந்திருந்தது, கடைசி வரியில எஞ்சின் எவ்வளவுக்கு குளிர்ச்சியா ஓடுதோ அவ்வளவுக்கு ஆயுள் கூடும் எண்டு போட்டிருந்தனீங்கள். ஐயா அது பிழை. சும்மா ஒரு சொல்லுப் பிழை எண்டா பேசாமல் விட்டிருப்பன், ஆனா உந்த நினைப்பை நம்பி தேமோஸ்ரற்றை, அதுதான் எஞ்சின் ஒரு அளவுக்குச் சூடேறும் மட்டும் குளிராமல் பாக்கிற சின்ன வால்வை, கழட்டி விட்டு எங்கட ஊரில எத்தினை கார் வீணாப் போகுது எண்டு எனக்குத் தெரியும், ஏனெண்டால் அதில ஒண்டு என்ரது.

நான் மெக்கானிக் இல்லை, முதலே சொல்லிப்போடுறன். இருந்தது அரசாங்க கந்தோரில, இப்ப பென்சன். ஆனா அப்பா ஒஸ்ரின் ஏ40 ஒண்டு வைச்சு ஹயர் ஓடினவர், அந்தக் காருக்குக் கீழ படுத்து எழும்பி வளந்தனான், அதால கொஞ்சம் கைப்பழக்கம் இருக்கு.

விசயத்துக்கு வாறன். 2021இல ஒருக்கா வவுனியாவால வந்துகொண்டிருக்கேக்க மாங்குளம் தாண்டி என்ர விற்ஸ் காருக்கு சிவப்பு லைட் பத்தினது. நிப்பாட்டிப் பாத்தா எஞ்சினுக்கும் றேடியேற்றருக்கும் இடையில தண்ணி போற கீழ் ஹோஸ் வெடிச்சுத் தண்ணியெல்லாம் றோட்டில. ஒரு மாதிரி கட்டி இழுத்து வந்து இங்க ஒரு கராச்சில விட்டனான், பேர் சொல்ல விரும்பேல்லை, நல்ல மனிசன், நேர்மையாத்தான் காசு எடுத்தவர். ஹோஸ் மாத்தி, தண்ணி விட்டு, எல்லாம் முடிச்சுப்போட்டு ஒரு பொலித்தீன் பையில ஏதோ ஒரு சாமானைக் கையில தந்தார். என்ன தம்பி இது எண்டு கேட்டனான். "ஐயா உது தேமோஸ்ரற், குளிர் நாட்டுக்காரருக்குச் செய்த சாமான், எங்கட வெக்கைக்கு உது என்னத்துக்கு, கழட்டி விட்டிட்டன், இனி எஞ்சின் சில்லெண்டு ஓடும், ஹீற் எண்ட கதைக்கே இடமில்லை" எண்டார். எனக்கும் அது நியாயமாத்தான் பட்டது. கேக்கிற ஆருக்கும் நியாயமாத்தான் படும், அதுதான் கரைச்சலே.

அடுத்த வருசம் பெற்றோல் தட்டுப்பாடு வந்தது, எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், கியூஆர் காட்டிப் பெற்றோல் அடிக்கிற முறை வந்த நேரம் காருக்கு கிழமைக்கு 20 லீற்றர், ஓட்டோவுக்கு 5, மோட்டச்சைக்கிளுக்கு 4. அந்த 20ஐயும் சொட்டுச் சொட்டா எண்ணித்தான் ஓடினனாங்கள், நான் ஒரு சீஆர் கொப்பியில அடிச்ச லீற்றரையும் ஓடின கிலோமீற்றரையும் எழுதத் தொடங்கினன். அப்பத்தான் பாக்கிறன், முந்தி லீற்றருக்கு 14 கிட்ட தந்த கார் 12ஐயும் தொடேல்லை. ரயரில காத்துப் பாத்தன், எயார் ஃபில்ரர் மாத்தினன், பிளக் மாத்தினன், ஒண்டுக்கும் அசையேல்லை. நான் தேமோஸ்ரற்றை யோசிக்கவே இல்லை, ஏனெண்டால் எஞ்சின் சில்லெண்டு ஓடுது, நல்லதுதானே எண்ட நினைப்பு.

பிடிபட்டது அந்த நீல லைட்டால. உங்களுக்குத் தெரியும், இந்த யப்பான் ரீகண்டிசன் கார் கனக்கத்தில ரெம்பரேச்சர் முள்ளு இல்லை, எஞ்சின் குளிரா இருந்தா நீல லைட் பத்தும், சூடேறினா அணையும், மிஞ்சிக் கொதிச்சா சிவப்பு. விடிய ஸ்ராட் பண்ணினா நீலம் பத்தி கொஞ்சத் தூரம் போக அணையவேணும், அவ்வளவுதான். என்ர கார் ஒருநாள் பரந்தன் தாண்டிப் போய்க்கொண்டிருக்கு, மத்தியானம் ரண்டு மணி, வெளியில தார் உருகுற வெய்யில், வேகம் 70, டாஷ்போட்டில நீல லைட். அணையுது, பத்துது, அணையுது. ஏ9 வீதியில உச்சி வெய்யிலுக்கை எஞ்சின் தனக்குக் குளிருது எண்டு சொல்லுது! மனிசி பக்கத்தில இருந்து "இதென்னப்பா நீலம்" எண்டு கேட்டா, எனக்குப் பதில் இல்லை.

கிளிநொச்சி அறிவியல் நகரில ஜேர்மன்காரர் உதவியோட கட்டின பயிற்சி நிறுவனம் இருக்கெல்லோ, அங்க வாகனப் பகுதியில படிச்ச மருமகன் ஒருத்தன் இருக்கிறான். அவன் ஒரு சின்ன ஸ்கானரை ஸ்ரேரிங்குக்குக் கீழ குத்தி போனில காட்டினான். ஓடிக்கொண்டிருக்கேக்க கூலன்ற், அதுதான் எஞ்சினைச் சுத்தி ஓடுற தண்ணி, அதின்ர சூடு 55, 56, 58 டிகிரி. அதுக்கு மேல ஏறேல்லை. "மாமா இது 85, 90இல நிக்கவேணும், தேமோஸ்ரற் எங்க?" எண்டான். அலுமாரிக்குள்ள பொலித்தீன் பையில எண்டன். சில காரில இப்பிடிச் சூடேறாமல் ஓடினா பி0128 எண்டு பிழைக் கோட் விழுந்து எஞ்சின் லைட்டே பத்துமாம், என்ரதில பத்தேல்லை, பத்தியிருந்தா ஒரு வருசம் முந்தியே பிடிச்சிருக்கலாம்.

இந்த வெக்கை நாடு எண்ட கதையை ஒருக்கா கணக்காப் பாருங்கோ. எங்கட வெளிக் காத்து 32, 33 டிகிரி, சித்திரை வெய்யிலுக்கு 35 எண்டு வையுங்கோ. எஞ்சின் கேக்கிறது 85, 90. இடையில 50, 55 டிகிரி வித்தியாசம் இருக்கு. காத்து 35 எண்டதால எஞ்சின் சூடாகிப் போயிருக்கும் எண்டு நினைக்கிறது, வெய்யிலில வைச்ச சட்டியில சோறு அவியும் எண்டு நினைக்கிற மாதிரி. 70இல ஓடேக்க முன்னால இருந்து அடிக்கிற காத்துக்கு றேடியேற்றர் எந்த நாட்டிலயும் நல்லாத்தான் குளிர்த்தும், தடுக்க ஆளில்லை எண்டா 60க்கும் ஏற விடாது. அந்தத் தடுக்கிற ஆள்தான் தேமோஸ்ரற். எஞ்சின் சூடேறும் மட்டும் றேடியேற்றருக்குப் போற வழியை மூடி வைச்சிருக்கும், 82க்கு கிட்ட மெல்லத் திறக்கும், 95 வர முழுசாத் திறந்திடும். குளிர் நாடோ வெக்கை நாடோ அது பாக்கிறது எஞ்சினுக்குள்ள இருக்கிற தண்ணியின்ர சூட்டை மட்டும்தான்.

எனக்கு உடன நம்ப மனமில்லை, அந்தப் பழைய சாமான் பழுதாப் போனதாக்கும், அதாலதான் கழட்டினவராக்கும் எண்டு ஒரு நினைப்பு. வீட்டில சோதிச்சுப் பாத்தன். மனிசியின்ர பால் காய்ச்சுற சட்டியைத்தான் எடுத்தனான், அதுக்கு வாங்கின ஏச்சு தனிக்கதை. தண்ணி நிரப்பி அடுப்பில வைச்சு, தேமோஸ்ரற்றை நூலில கட்டி அடியில முட்டாமல் தொங்கவிட்டு, மகள் கேக் செய்ய வாங்கின தேமோமீற்றரைப் பக்கத்தில வைச்சன். உள்ளங்கையில அடங்குற சாமான், பித்தளைக் குமிழ் ஒண்டு, ஒரு சுருள் ஸ்பிரிங், ஒரு வட்டத் தகடு, தகட்டில 82 எண்டு குத்தியிருக்கு. 60இல ஒண்டும் இல்லை. 70இல இல்லை. 80 வந்தது, தண்ணியில சின்னக் குமிழி, தகடு இறுக்கி மூடினபடி. 83 ஆகேக்க ஒரு நூலளவு வெளிச்சம் தெரிஞ்சுது, பேந்து அது மெல்ல மெல்ல விரிஞ்சு தண்ணி கொதிக்கிறதுக்குள்ள சின்ன விரல் நுழையிற அளவுக்குத் திறந்திட்டுது. அந்தப் பித்தளைக் குமிழுக்குள்ள இருக்கிறது மெழுகு ஐயா, வேற ஒண்டும் இல்லை, மெழுகு உருகி விரிய ஒரு ஊசியைத் தள்ளுது, ஊசி தகட்டைத் திறக்குது, குளிர மெழுகு சுருங்க ஸ்பிரிங் திருப்பி மூடுது. கரண்டும் இல்லை வயரும் இல்லை. பத்துப் பதினைஞ்சு வருசம் ஓடின சாமான், ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்யுது, அதைத்தான் கழட்டிப் பையில போட்டுத் தந்தவர். புது றப்பர் வளையம் ஒண்டு மட்டும் வாங்கி அதே சாமானைத் திருப்பிப் பூட்டினன், மைலேஜ் அந்த மாதமே 14க்கு வந்திட்டுது.

பூட்டுறாக்களுக்கு ஒண்டு, அந்தத் தகட்டில ஒரு சின்னத் துளையில ஒரு ஆணி ஆடிக்கொண்டிருக்கும், காத்து வெளியேறுறதுக்கு, அது பொதுவா மேல்பக்கம் பாக்க நிக்கவேணும், தலைகீழாப் பூட்டினா காத்து அடைச்சுக்கொண்டு வேற கரைச்சல் வரும்.

சரி, குளிரா ஓடினா பெற்றோல்தானே கொஞ்சம் கூடப் போகும், போகட்டும், எஞ்சின் தேயாதே எண்டு கேக்கிறாக்கள் இருக்கினம். இதுக்குத்தான் அப்பாவின்ர ஏ40 கதைக்கு வரவேண்டிக் கிடக்கு.

90களில போர் நேரப் பொருளாதாரத் தடை இருந்த காலம் பெற்றோல் போத்தில் கணக்கிலதான் கிடைக்கும், அதுவும் கிடைச்சா. காரெல்லாம் மண்ணெண்ணெயில ஓடினது, இந்தத் தலைமுறைப் பிள்ளையளுக்குச் சொன்னா சிரிக்குதுகள். எப்பிடி ஓடினது? பொன்னற்றுக்குள்ள ஒரு சின்னப் போத்திலில கொஞ்சம் பெற்றோல், அதில இருந்து காபரேற்றருக்கு சேலைன் குழாய் மாதிரி ஒரு குழாய். பெற்றோலில ஸ்ராட் பண்ணி எஞ்சின் நல்லாச் சூடேறின பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. அவசரப்பட்டு முந்தி மாத்தினா டக் டக் எண்டு இடிச்சு, வெள்ளைப் புகை தள்ளி, நிண்டிடும். ஏனெண்டால் பெற்றோல் சாதாரணச் சூட்டிலயே ஆவியாகும், மண்ணெண்ணெய் ஆவியாக 150 டிகிரிக்கு மேல வேணும், எஞ்சின் குளிரா இருந்தா அது துளித்துளியாவே சிலிண்டருக்குள்ள போகும். துளி எரியாது. சுவரில வழியும். வழிஞ்சு, பிஸ்ரன் உரசாமல் இருக்கிறதுக்கெண்டு சிலிண்டர் சுவரில பூசிக்கிடக்கிற ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழ ஒயில் தேங்குற சம்புக்குள்ள இறங்கும். அப்பா ஒவ்வொருநாளும் விடிய டிப்ஸ்ரிக்கை இழுத்து மணந்து பாப்பார், ஒயில் அளவு கூடியிருக்கும், மண்ணெண்ணெய் மணக்கும். ஒயில் குறைஞ்சாப் பயப்பிடாத, கூடினாத்தான் பயப்பிடு எண்டு சொல்லுவார். அதுக்காக றேடியேற்றருக்கு முன்னால அட்டையோ சாக்கோ கட்டிக் காத்தை மறிச்சு எஞ்சினைச் சூடாத்தான் வைச்சிருந்தவர், இதே வெக்கை யாழ்ப்பாணத்தில! அந்த மனிசன் வெப்பவியல் படிக்கேல்லை, எட்டாம் வகுப்பு, ஆனா குளிர்ந்த எஞ்சின் தன்னைத்தானே தின்னும் எண்டு தெரிஞ்சு வைச்சிருந்தவர்.

இப்பத்தைக் கார் பெற்றோலில ஓடினாலும் குளிரா இருந்தா நடக்கிறது அதே கதைதான், கொஞ்சம் மெல்ல நடக்குது, அவ்வளவுதான். எஞ்சினில ஒரு சூட்டுச் சென்சர் இருக்கு, அது எஞ்சின் குளிர் எண்டு சொன்னா கொம்பியூட்டர் பெற்றோலைக் கூட்டித்தான் அடிக்கும், பழைய காரில சோக் இழுத்த மாதிரி. தேமோஸ்ரற் இல்லாத கார் முழு நாளும் கால்வாசிச் சோக்கில ஓடுற கார். கூடின பெற்றோல் சுவரைக் கழுவும், மிச்சம் ஒயிலோட சேரும். மற்றது தண்ணி. ஒரு லீற்றர் பெற்றோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லீற்றர் தண்ணி உண்டாகுது எண்டு சொன்னா நம்பமாட்டியள், ஆனா அது பள்ளிக்கூட இரசாயனக் கணக்குத்தான், ஆவியாப் போறதால தெரியிறதில்லை. எஞ்சின் சூடா இருந்தா எல்லாம் சைலன்சராலயும், உள்ளுக்க சேருற ஆவியை வெளியேத்துற பிறீதராலயும் போயிடும், குளிரா இருந்தா பிஸ்ரன் றிங் இடுக்கால கீழ இறங்கிற பங்கு உள்ளுக்கயே தண்ணியாப் படியும், எரிஞ்ச வாயுவில இருக்கிற அமிலச் சாமான்களோட சேந்து சிலிண்டர் சுவரை அரிக்கும். சிலிண்டர் தேயிறதில பெரும் பங்கு உரசலை விட இந்த அரிப்பு எண்டு 1930களிலயே இங்கிலாந்தில எஞ்சின் ஆராய்ச்சிக்காரர் கண்டுபிடிச்சு எழுதிப்போட்டினம்.

கண்ணால பாக்கவேணுமெண்டா ஒயில் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைப் பாருங்கோ. என்ர மூடியில மஞ்சள் கலந்த வெள்ளையா, ஆடைத்தயிர் மாதிரி அப்பிக்கிடந்தது. விரலால வழிச்சா வழுக்குது, ஒயில் மணமும் இல்லை. அது ஒயிலும் தண்ணியும் அடிபட்டுக் குழைஞ்சது. ஹெட் காஸ்கெற், அதுதான் எஞ்சின் ஹெட்டுக்குக் கீழ இருக்கிற அடைப்புத் தகடு, போய்த் தண்ணி ஒயிலுக்குள்ள கசிஞ்சாலும் இப்பிடி வரும், அதால கண்டவுடன குளிரில ஓடினதுதான் எண்டு முடிவெடுக்காதேங்கோ, கூலன்ற் குறையுதோ எண்டும் பாக்கவேணும். என்ரதில கூலன்ற் ஒரு சொட்டும் குறையேல்லை, தேமோஸ்ரற் பூட்டி, ஒயில் மாத்தி, ரண்டு மாதத்தில மூடி சுத்தமாப் போச்சு.

ஒயிலின்ர தடிப்பும் இதோட சேந்ததுதான். டென் டபிள்யூ தேட்டி (10W-30) ஒயில் 40 டிகிரியில இருக்கிற தடிப்பு 100 டிகிரிக்குப் போக ஆறில ஒரு பங்காக் குறையும், எஞ்சின் செய்தவன் இடைவெளியெல்லாம் அந்தச் சூட்டு ஒயிலுக்குக் கணக்குப் பாத்துத்தான் வைச்சிருக்கிறான். பிஸ்ரன் அலுமினியம், அது இரும்பைப் போல ரண்டு மடங்கு விரியும், சூட்டில விரிஞ்சு சரியாப் பொருந்தட்டும் எண்டுதான் குளிரில கொஞ்சம் லூசா விட்டிருக்கிறது. விடியக் காலமை சில பழைய கார் ஸ்ராட் பண்ணினவுடன கடகட எண்டு கேட்டு பேந்து அடங்குறது அந்த லூசுதான். சூடேறவே விடாட்டி அந்தக் கடகட முழு நாளும் மெல்லிசா நடந்துகொண்டே இருக்கும், காதுக்குத்தான் கேக்காது.

இன்னொரு பகிடி. தேமோஸ்ரற் கழட்டினா ஹீற் வராது எண்டதும் முழு உண்மை இல்லை. கனக்க யப்பான் எஞ்சினில அந்தத் தேமோஸ்ரற்றின்ர பின்பக்கம் இன்னொரு சின்னத் தகடு இருக்கு, முன்பக்கம் றேடியேற்றர் வழி திறக்கத் திறக்க பின்பக்கம் பைபாஸ் வழியை அது மூடும். சாமானையே கழட்டினா பைபாஸ் எந்த நேரமும் திறந்தபடி, அப்ப தண்ணியில ஒரு பங்கு றேடியேற்றர் பக்கம் போகாமலே எஞ்சினுக்குள்ள சுத்திக்கொண்டிருக்கும். ஏ9இல குளிர்ற அதே கார் நல்லூர்த் திருவிழா நேரம் பருத்தித்துறை வீதியில ஏசியும் போட்டுக்கொண்டு ஊரேக்க கொதிக்கும். பேந்து கராச்சுக்குப் போனா றேடியேற்றர் அடைப்பு, ஃபான் போதாது எண்டு அடுத்த செலவு.

கராச்காரரை நான் குறை சொல்ல வரேல்லை. எனக்குப் படுறது, இந்தப் பழக்கம் தடைக் காலத்தில வந்தது. அப்ப ஒரு தேமோஸ்ரற் இறுகி மூடிக்கொண்டா மாத்துறதுக்குச் சாமான் எங்க? கழட்டி எறிஞ்சாத்தான் கார் ஓடும், ஓடினாத்தான் வருத்தக்காரரை ஆசுபத்திரிக்குக் கொண்டு போகலாம். அது அந்த நேரத்துக்குச் செய்த வைத்தியம். அப்ப பாத்துப் பழகின பொடியள் இப்ப பாஸ்மார், அவையிட்டப் பழகிற பொடியளுக்கும் அதே பாடம்தான். இப்ப சாமான் கடை தெருவுக்குத் தெரு இருக்கு, இன்னும் கழட்டி எறிய ஒரு காரணமும் இல்லை.

இறுகின தேமோஸ்ரற்றைவிட எங்கட ஊரில கார் கொதிக்கிறதுக்குப் பெரிய காரணம் கிணத்துத் தண்ணி. குடாநாடு முழுக்க சுண்ணாம்புக்கல், காங்கேசன்துறையில சீமெந்து ஃபக்டரி வைச்சதே அதுக்குத்தானே. எங்கட வீட்டுக் கேத்திலைத் திறந்து பாருங்கோ, அடியில வெள்ளையா ஓடு மாதிரிப் படிஞ்சிருக்கும். அதே தண்ணியைத்தான் வருசக்கணக்கா றேடியேற்றருக்குள்ள விடுறியள், அந்த மெல்லிய குழாய்க்குள்ள அதே ஓடு படியும், சிலிண்டரைச் சுத்தியும் படியும். உவர்க் கிணத்துத் தண்ணி விட்டா அலுமினியத்தையே தின்னும். கூலன்ற் வாங்கி விடுங்கோ, கலந்தே விக்கிறது இருக்கு, கலக்கவேண்டியது எண்டா பற்றறிக்கு விடுற வடிச்ச தண்ணியில கலவுங்கோ, வழியில அந்தரத்துக்கு கிணத்துத் தண்ணி விட்டாலும் பரவாயில்லை, வீட்ட வந்து கழுவி மாத்துங்கோ. கூலன்ற் எண்டா குளிர் நாட்டில உறையாமல் இருக்க விடுறது எண்டு இதுக்கும் ஒரு கதை இருக்கு. அது துருப்பிடிக்காமலும் பாக்கும், கொதிக்கிற சூட்டையும் கூட்டும்.

மிஞ்சின சூட்டைப் பற்றி நான் கனக்க எழுதேல்லை, எல்லாருக்கும் அந்தப் பயம் இருக்கு, இருக்கத்தான் வேணும், சிவப்பு லைட் பத்தின பிறகும் வீட்ட போய்ப் பாப்பம் எண்டு அஞ்சு கிலோமீற்றர் ஓடினா அலுமினிய ஹெட் வளைஞ்சு, காஸ்கெற் போய், எஞ்சின் இறக்கவேண்டி வரும். பத்து நிமிசத்தில முடிஞ்சிடும். குளிரில ஓடுறது அஞ்சு ஆறு வருசம் எடுத்துத் தின்னுறதால ஆரும் தேமோஸ்ரற்றில பழி போடுறதில்லை, யப்பான் கார் முந்தின மாதிரி இல்லை எண்டு சொல்லிப்போட்டு விக்கிறது.

தேமோஸ்ரற் இருந்தாலும் எங்கட ஓட்டத்துக்கு எஞ்சின் சூடேறுறது குறைவு எண்டதையும் சொல்லவேணும். கொக்குவிலால திருநெல்வேலிச் சந்தைக்கு, அங்கால கோயிலுக்கு, பின்னேரம் பிள்ளையை ரியூசனில விட, எல்லாம் ரண்டு மூண்டு கிலோமீற்றர். நீல லைட் அணைய முந்தியே திறப்பைப் பிடுங்கியாச்சு. தண்ணி சூடேறினாலும் ஒயில் சூடேற அதைவிடக் கனநேரம் எடுக்கும், பதினைஞ்சு இருவது நிமிசம். கிழமைக்கு ஒருக்கா சாவகச்சேரி மட்டும் போய்த் திரும்பி வாங்கோ, ஒயிலுக்குள்ள சேந்த தண்ணியும் பெற்றோலும் ஆவியாப் போயிடும். கிட்டக் கிட்ட ஓட்டம் மட்டும் எண்டா ஒயில் மாத்துற கிலோமீற்றர் வரக் காத்திருக்காமல் முந்தி மாத்துறது நல்லம். எங்கட ஒழுங்கையில ஒரு மாஸ்ரர் இருக்கிறார், விடிய ஆறு மணிக்கு ஸ்ராட் பண்ணிவிட்டு, முகம் கழுவி, பேப்பர் வாசிச்சு, தேத்தண்ணியும் குடிச்சு முடிச்சுத்தான் காரை எடுப்பார், எஞ்சின் சூடேறட்டுமாம். நிண்டபடி ஓடுற எஞ்சின் சூடேறுறது சரியான மெல்ல, அவ்வளவு நேரமும் கூடின பெற்றோல் சுவரைக் கழுவிக்கொண்டிருக்கும். அரை நிமிசம் காணும், பேந்து முதல் ரண்டு மூண்டு கிலோமீற்றர் அமத்தாமல் மெல்லமா ஓடினாச் சரி. அவரிட்ட இதை நேரில சொல்லப் பயம், எனக்குக் கணக்குப் படிப்பிச்சவர், பேப்பரில வந்தா வாசிப்பார்.

ஹைபிரிட்காரர் எங்களுக்கு இது இல்லை எண்டு நினைக்கவேண்டாம். அக்குவா, பிறியஸ் எல்லாத்திலயும் பெற்றோல் எஞ்சின் ஒண்டு இருக்கு, குளிரா இருந்தா அது நிக்கவேண்டிய இடத்திலயும் நிக்காமல் தன்னைச் சூடாக்க ஓடிக்கொண்டிருக்கும், ஹைபிரிட் வாங்கின லாபமே அதில போயிடும். ஓட்டோவும் மோட்டச்சைக்கிளும் பெரும்பாலும் காத்தில குளிர்றது, அதுக்கு உந்தச் சாமானே இல்லை, விடுவம்.

ஐயா, அந்தப் பெட்டிக்குறிப்பை எழுதினவர் ஆரோ தெரியாது, அவரில கோபமும் இல்லை. அடுத்த ஞாயிறு அதே இடத்தில ஒரு திருத்தம் போட்டுவிட்டியள் எண்டா காணும். இன்னும் நல்லம் எண்டா தொழில்நுட்பக் கல்லூரியிலயோ அறிவியல் நகரிலயோ வாகனம் படிப்பிக்கிற ஆசிரியர் ஆரையாவது பிடிச்சு மாதத்துக்கு ஒருக்கா எழுத வையுங்கோ, எங்கட ஊரில இப்ப கார் வைச்சிருக்கிறாக்கள் கனக்க, வாசிக்க ஆள் இருக்கு.

கடிதம் நீண்டுபோச்சு, வெட்டுறதெண்டா ஏ40 கதையை வெட்டுங்கோ, ஆனா இதை மட்டும் வெட்டவேண்டாம். கொதிச்ச காரின்ர றேடியேற்றர் மூடியை உடன திறக்காதேங்கோ. அந்த மூடி உள்ளுக்க அமுக்கம் பிடிச்சு வைச்சிருக்கிறதால 100 தாண்டியும் தண்ணி கொதிக்காமல் நிக்குது, திறந்த அந்தச் செக்கனில கொதிதண்ணியும் நீராவியுமா ஒரேயடியா மூஞ்சைக்கு வரும். தண்ணி ஊத்திக் குளிர்த்துறதும் வேண்டாம். எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு அரை மணித்தியாலம் மரநிழலில இருங்கோ, பேந்து மேல் ஹோஸைக் கையால அமத்திப் பாருங்கோ, கை சுடாமல், ஹோஸ் இறுக்கமில்லாமல் மெத்தெண்டு அமந்தாத்தான் துணியைப் போட்டு மூடியில கை வைக்கலாம். என்ர இடக்கையில முழங்கையில இருந்து மணிக்கட்டு மட்டும் ஒரு தழும்பு இருக்கு, பதினாலு வயசில, அப்பா வேண்டாம் எண்டு சொல்லச் சொல்லத் திறந்தது.

இப்பிடிக்கு,
ஒரு பழைய வாசகன்,
கொக்குவில்.